இடது காலில் எடை

விபத்து நடந்த காலை நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து ஷா ஆலம் வரை, பல வருடங்களாகத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வந்த பாதை. மழை இல்லை, அவசரமும் இல்லை. இடப்பக்கச் சாலையிலிருந்து ஒரு கார் என்னைப் பார்க்காமல் வெளியே வந்தது. நான் பிரேக் பிடித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது முதுகுக்குக் கீழே தார்ச் சாலையின் சூடும், என் இடது கால் சப்பாத்து நாலைந்து அடி தள்ளி, யாரோ கழற்றி ஒழுங்காக வைத்ததுபோல் கிடந்ததும்தான். காலை நான் பார்க்கவில்லை. பார்த்தால் மயங்கிவிடுவேன் என்று தோன்றியது.

காரை ஓட்டி வந்தவர் வயதான மலாய்க்காரர். ஓடிவந்து சாலையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சபார், டிக். சபார்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொறுத்துக்கொள் தங்கச்சி என்று அர்த்தம். அம்புலன்ஸ் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததெல்லாம் பல வாரம் கழித்துத்தான், அதுவும் அதிக நாள் நிற்கவில்லை.

அம்புலன்ஸில் என் காலுக்குச் சட்டம் வைத்துக் கட்டிய ஊழியர் தமிழர். அவரிடம் நான் முதலில் கேட்ட கேள்வியைச் சொல்லி என் வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

"ஏன் கா, சனிக்கிழமை என்ன?"

"எனக்கு மேட்ச் இருக்கு."

அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பேசாம படுங்க கா," என்றார்.

மேட்ச் என்றால் நான் ஆடும் மேட்ச் இல்லை. நான் கால்பந்து நடுவர். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. வார நாட்களில் ஷா ஆலமில் கார் விளக்குகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. வார இறுதியில் விசிலை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு திடலுக்குப் போய்விடுவேன். பள்ளி ஆட்டங்கள், கம்பெனி ஆட்டங்கள், பெண்கள் லீக். இது தொடங்கியது தற்செயலாகத்தான். எங்கள் தொழிற்சாலையில் பிரிவுகளுக்கு இடையே நடந்த ஓர் ஆட்டத்துக்கு வரவேண்டிய நடுவர் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கால்பந்து ஆடியவள் என்று யாரோ சொல்லி, விசிலை என் கையில் திணித்தார்கள். நான் ஊதினால் இருபத்திரண்டு ஆண்கள் நின்றார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்த மாதமே நடுவர் வகுப்பில் சேர்ந்தேன்.

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். ஒரே மகள், அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. முதல் அறுவையில் காயத்தைத் திறந்து கழுவினார்கள். சில நாள் கழித்து இரண்டாவது அறுவையில் பெரிய எலும்பின் உள்ளே, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, ஒரு உலோகக் கம்பியைச் செலுத்தி மேலும் கீழும் திருகாணி போட்டார்கள். அறுவை செய்த டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி மலாயில் எல்லாவற்றையும் விளக்கினார். நடப்பேனா என்று கேட்டேன். நடப்பீர்கள் என்று உடனே சொன்னார். ஓடுவேனா என்று கேட்டேன். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, முதலில் எலும்பு சேரட்டும் என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில்தான் வீடு எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்தது. கிள்ளானில் லிப்ட் இல்லாத அடுக்குமாடி, நான்காவது மாடி, அறுபத்து நான்கு படி. என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முதல் மாடி ஏறியாயிற்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி திரும்பவில்லை. நீட்டிய என் கால் சுவரில் இடித்தது. நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடிக் கதவுகள் திறந்தன.

"இறக்குங்க," என்றேன். "கீழ இறக்குங்க. நான் மேல வரல."

"அப்ப எங்க போறது?" என்று கணவர் கேட்டார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

என் அக்கா பிரிக்பீல்ட்ஸில் தரைவீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார். தனியாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பாவாடை தாவணியும் தைத்துக் கொடுப்பார். அன்று சாயங்காலமே அங்கே போனோம். மகளின் பள்ளி கிள்ளானில் என்பதால் அவள் அப்பாவோடு இருக்க வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ரயில் ஏறி வருவார்கள். சில வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். பதினோரு மாதம் அங்கே இருந்தேன்.

அக்கா என்னைக் கண்ணாடிப் பாத்திரம்போல் வைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டால் குவளையை வாயருகே கொண்டுவருவார். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "என்ன சத்தம், என்ன சத்தம்" என்று கேட்பார். ஒருநாள் ஊன்றுகோல் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் குடித்த கோப்பையை நானே சமையலறைக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். கோப்பை விழுந்து உடைந்தது.

"சொன்னா கேக்கிறியா நீ? விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"விழுந்தா நான் எந்திரிச்சுக்கிறேன். கோப்ப எடுக்கக்கூட விடமாட்டேங்கிற. எனக்கு என்ன, வயசு நாலா?"

அக்கா துடைப்பத்தை எடுத்துவந்து சில்லுகளைக் கூட்டினார். கூட்டியபடியே அழுதார். "ஆஸ்பத்திரிக்கு மொதல்ல வந்தது நான். உன் வீட்டுக்காரரு வர்றதுக்கு முன்னாடி. அந்தக் கால நீ பாக்கல, நான் பாத்தேன்."

அன்றிலிருந்து அக்காவிடம் குரலை உயர்த்துவதைக் குறைத்துக்கொண்டேன். கோப்பையை மட்டும் விடவில்லை. அக்கா இரண்டு பிளாஸ்டிக் கோப்பை வாங்கிவந்தார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் காலில் கொஞ்சம் கொஞ்சமாக எடை கொடுக்கலாம் என்றார். மருத்துவமனையில் உடற்பயிற்சி கற்றுக்கொடுக்கும் பெண் ஒரு வழி சொல்லித்தந்தார். எடை பார்க்கும் மெஷின்மேல் இடது காலை மட்டும் வைத்து, ஊன்றுகோலைப் பிடித்தபடி மெதுவாக அழுத்த வேண்டும். முள் இருபது கிலோவைத் தொட வேண்டும், அதற்கப்புறம் முப்பது. வீட்டில் நான் அதைச் செய்யவே இல்லை. செய்வதாக அக்காவிடம் சொன்னேன். கால் தரையைத் தொட்டதுமே, உள்ளே கம்பி வளைந்து எலும்பு மறுபடி வெளியே வருவதுபோல் ஒரு படம் கண்ணுக்குள் ஓடும். கால்விரலைத் தரையில் வைப்பதுபோல் வைத்து, உடம்பு முழுவதையும் கைகளில் தாங்கி நடந்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் இரண்டு காலால் நடப்பதுபோல்தான் தெரியும்.

என்னைக் கண்டுபிடித்தது கண் தெரியாத ஒரு பெண்மணி. அக்காவிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர், அதே வட்டாரத்தில் மசாஜ் கடையில் வேலை செய்தார். நாற்பது வயது இருக்கும். அன்று நான் அறையிலிருந்து முன்னறைக்கு வந்துகொண்டிருந்தேன். அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

"இதுதான் தங்கச்சியா? ரெண்டு தோங்கட் சத்தம் கேக்குது, ஒரு காலு சத்தம் கேக்குது. இன்னொரு காலு எங்க?"

தோங்கட் என்றால் ஊன்றுகோல். "இருக்கு," என்றேன். "ஊனித்தான் நடக்கிறேன்."

"ஊனினா சத்தம் வரணுமே."

அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அவளுக்கு ஆக்சிடென்ட் லா. பாவம், இப்பத்தான் நடக்கிறா."

"தெரியும். டாக்டர் ஊனச் சொல்லிட்டாங்கன்னு நீங்கதான போன வாரம் சொன்னீங்க. இவங்க ஊனல. என்கிட்ட பொய் சொன்னாலும் தோங்கட் காட்டிக் குடுத்துரும்."

அவர் போன பிறகு அக்கா என்னைப் பார்த்தார். நான் எடை மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன். இடது காலை அதன்மேல் வைத்து, முடிந்தவரை அழுத்தினேன். முள் ஐந்து கிலோவில் நின்றது. எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அழுத்தினேன். எட்டு. உள்ளே எதுவும் உடையவில்லை. வியர்த்துக் கொட்டியது. அன்றைக்குப் பத்து வந்ததும் நிறுத்தினேன்.

அடுத்த வாரம் அவரே அழைத்தார். "காலையில ஏழு மணிக்கு நான் தே குடிக்கப் போவேன். வர்றதுன்னா வாங்க. கையெல்லாம் பிடிக்க மாட்டேன்."

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் கண் தெரியாதவர்களுக்காக மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். அவர் தன் கோலால் அதைத் தடவிக்கொண்டு முன்னால் போவார், நான் பின்னால் டக் டக்கென்று போவேன். அவருக்குப் பத்து நிமிடப் பாதை. என்னோடு வந்தால் நாற்பது நிமிடம் ஆகும். ஒரு நாள்கூட அதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. என் கால் சத்தம் மங்கினால் மட்டும், திரும்பாமலேயே, "போடுங்க, போடுங்க," என்பார். ஓட்டின்மேல் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தால் அவர் சுற்றிக்கொண்டு போகமாட்டார். அங்கேயே நின்று, "யாரு மோட்டார் இது?" என்று கேட்பார். கடைக்காரர்கள் ஓடிவந்து நகர்த்துவார்கள். சில சமயம் யாரும் வரமாட்டார்கள். அப்போதும் நிற்பார். எனக்கு அது உட்கார்ந்துகொள்ள நல்ல சாக்கு.

தேநீர்க் கடையில் ஒருநாள் அவரிடம், ஆரம்பத்தில் எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனவர் அவர்.

"ஒரு வருஷம் வீட்டுக்குள்ளயே இருந்தேன். அப்புறம் போரடிச்சிருச்சு," என்றார். அவ்வளவுதான். ரொட்டியைக் கறியில் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

ஐந்தாவது மாதம் ஒரு ஊன்றுகோல் போயிற்று. வலி மட்டும் போகவில்லை. முறிந்த இடத்திலேயே, ஊன்றும் ஒவ்வொரு தடவையும், உள்ளே ஆணி அசைவதுபோல் ஒரு வலி. பழகிவிடும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். ஆறாவது மாதம் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் நீண்ட நேரம் பார்த்தார். முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு அப்படியே இருந்தது. எலும்பு சேரவில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடைவெளியில் வைக்க வேண்டும், கம்பியையும் மாற்ற வேண்டும், மறுபடி ஆரம்பத்திலிருந்து வரவேண்டும் என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மூன்று நாள் அப்படியே கிடந்தேன். காலை ஏழு மணிக்கு வாசலில் கோல் தட்டும் சத்தம் கேட்கும். அக்கா போய் ஏதோ சொல்லி அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை கணவரும் மகளும் வந்தார்கள். மகளை அக்கா கடைக்குக் கூட்டிப்போனார். கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"போன வருஷம் என் லோரி கியர் பாக்ஸ் போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

போர்வையை இழுத்துக்கொண்டேன்.

"மொதல்ல ஒரு தடவ பிரிச்சாங்க. மாட்டுனாங்க. ரெண்டு வாரத்துல மறுபடியும் சத்தம். அப்புறம் முழுசாப் பிரிச்சு, உள்ள என்ன தேஞ்சிருக்குன்னு பாத்து, புதுசு போட்டாங்க. இப்ப ஓடுது."

"நான் லோரி இல்ல."

"இல்லதான். எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்ல முடியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்று நாளில் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அவர் என் காலைத் தொடாமல், கால் கிடந்த தலையணையை மட்டும் சரிசெய்துகொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை நடந்துபோய் அனுப்பினேன். மறுநாள் தேநீர்க் கடைக்குப் போனேன். அறுவைக்குத் தேதி வரும்வரை அறைக்குள் கிடப்பதில் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். டாக்டர் எவ்வளவு எடை வைக்கலாம் என்று சொன்னாரோ அவ்வளவு மட்டும் வைத்து நடந்தேன். கைகளுக்கும் வலது காலுக்கும் பயிற்சி செய்தேன். அரைப் பை அரிசியைத் தோளில் வைத்து நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பார், தடுக்கமாட்டார்.

அந்த அறுவைக்குப் பிறகு காலைவிட இடுப்பு அதிகம் வலித்தது. தும்மினால்கூட உயிர் போகும். ஆனால் நான்கு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்புக் கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக, மெல்லிய மேகம்போல் ஒன்று இருந்தது. டாக்டர் அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஓடுவதைப் பற்றி இப்போது கேட்கலாமா என்றேன். கேளுங்கள், ஆறு மாதம் கழித்து என்றார்.

கிள்ளானுக்குத் திரும்பிய நாள் அறுபத்து நான்கு படியையும் நானே ஏறினேன். கைப்பிடியை ஒரு கையிலும் ஊன்றுகோலை மறு கையிலும் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு ஏறினேன். கணவர் இரண்டு படி கீழே, விழுந்தால் பிடிப்பதற்காக வந்தார். மகள் மேலே போய் நின்றுகொண்டாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அந்தச் சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூன்றாவது மாடி மலாய்ப் பெண்மணி தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து நடையில் போட்டார். "உட்காரு," என்றார். உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று சொன்னேன். அவர் நாற்காலியை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றார். அரைமணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்து உள்ளே போனதும் என் வீட்டு வாசனை வந்தது, சாம்பிராணியும் கணவரின் டீசல் சட்டையும் கலந்தது. அந்தப் படிகளைத் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். மூன்று மாதத்தில் ஊன்றுகோல் இல்லாமல் ஏறினேன்.

தொழிற்சாலையில் என் இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்தேன். பிறகு மேற்பார்வையாளரிடம் போய், நின்று பார்க்கும் வரிசைக்கே என்னைப் போடுங்கள் என்றேன். முதல் வாரம் கணுக்கால் பந்துபோல் வீங்கியது. வீட்டுக்கு வந்து காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பேன். மறுநாள் போவேன். மோட்டார் சைக்கிள்தான் கடைசியாக வந்தது. கீழ்த்தளத்தில் உறை போட்டு நின்றது. முதல் தடவை ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமலேயே இறங்கிவிட்டேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோதான் அடுக்குமாடியை ஒரு சுற்று சுற்றினேன். விபத்து நடந்த சந்திப்பில் இன்றைக்கும் வேகத்தைக் குறைக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

நடுவர்களைக் கவனிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். பழைய நடுவர், என்மேல் மரியாதை உள்ளவர். நான் திரும்பி வருகிறேன் என்று சொன்னதும் சந்தோஷப்பட்டார்.

"வாங்க வாங்க. மேசைப் பக்கம் ஆள் பத்தல. ஆள் மாத்துறது, ரிப்போர்ட் எழுதுறது எல்லாம் நீங்க பாத்துக்குங்க."

"எனக்கு விசில் வேணும் அண்ணே. டெஸ்ட் எப்ப?"

"ஏன் லா இப்படி? அந்தக் கால வெச்சுக்கிட்டு... யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"டெஸ்ட் தேதி மட்டும் சொல்லுங்க."

சொன்னார். உடல்தகுதிச் சோதனை என்பது ஓடுதளத்தில் நடக்கும். ஒலிபெருக்கியில் சத்தம் வந்ததும் எழுபத்தைந்து மீட்டர் ஓட வேண்டும், அடுத்த சத்தத்துக்குள் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும். பிறகு இருபத்தைந்து மீட்டர் நடை. மறுபடி ஓட்டம். இப்படி நாற்பது தடவை. கோட்டைத் தொடுவதற்குத் தாமதமானால் ஒரு எச்சரிக்கை, அடுத்த தடவை வெளியே. விபத்துக்கு முன்னால் அதை முடித்துவிட்டுப் பேசிக்கொண்டே நடந்துபோவேன்.

முதல் தடவை முப்பத்தோராவது ஓட்டத்தில் வெளியேற்றப்பட்டேன். மூச்சு இருந்தது. கால் வரவில்லை. இடது தொடை இன்னும் வலதைவிட மெலிதாக இருந்தது, எல்லா வேலையையும் வலது காலே செய்து சோர்ந்துவிட்டது. புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். மற்றவர்கள் ஓடி முடிப்பதைப் பார்த்தேன். அவர்களில் இருபது வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பொறுப்பாளர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"முப்பது வரைக்கும் ஓடினதே பெருசு. போதும், விடுங்களேன்."

"அடுத்தது எப்ப?"

"நாலு மாசம்," என்றார்.

அந்த நான்கு மாதமும் வாரத்தில் நான்கு நாள், வேலை முடிந்து கிள்ளானில் ஒரு பொதுத் திடலுக்குப் போனேன். கணவர் லோரி வேலை முடிந்து வந்து, கைபேசியில் அந்தச் சத்தப் பதிவைப் போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். நான் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டால், "தொடல," என்பார். அவ்வளவுதான் அவர் பயிற்சி. அவரோடு நான் சண்டை போட்ட நாட்கள் உண்டு. ஒருநாள் கைபேசியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டேன். மறுநாள் அவர்தான் முதலில் நாற்காலியை எடுத்துவைத்தார். ஓடாத நாட்களில் இடது காலுக்கு மட்டும் வேலை. ஒற்றைக் காலில் படியில் ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுவது. பல் துலக்கும்போதுகூட இடது காலில் மட்டும் நின்றேன். மகள் பார்த்துவிட்டு, "ஏம்மா கொக்கு மாதிரி நிக்கிற?" என்றாள்.

இரண்டாவது சோதனை நாள் வெயில் சுட்டது. விபத்து நடந்து இரண்டு வருடம் தாண்டியிருந்தது. முதல் இருபது ஓட்டத்தில் நான் எதையும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு கம்பியின் கீழ்முனை இருக்கும் இடத்தில் வலி தொடங்கியது. இது உடையும் வலி இல்லை, வேலை செய்யும் வலி என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு காலம் ஆகியிருந்தது. எண்ணிக்கை நடுவில் தவறிவிட்டது. ஒருதடவை கோட்டை ஒரு நொடி தாமதமாகத் தொட்டேன், கொடியை உயர்த்தி எச்சரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் இடது காலையே முதலில் எடுத்து வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, வலதை நம்பி ஓடியது போதும் என்று இருந்தது. பக்கத்தில் ஓடிய பெண் திடீரென்று நின்று குனிந்து வாந்தி எடுத்தாள். அவளைத் தாண்டி ஓடினேன். நடந்தேன், ஓடினேன். ஒரு தடவை கோட்டைத் தாண்டி நடந்துகொண்டிருக்கும்போது சத்தமே வரவில்லை. எல்லாரும் புல்லில் விழுந்தார்கள். முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பொறுப்பாளர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். "மேசைக்கு வேற ஆள் தேடணும் நான்," என்றார்.

நடுவிரலால் அழுத்தினால் திருகாணியின் தலை இன்றும் தோலுக்குக் கீழே தட்டுப்படும். காலையில் கட்டிலிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடி நொண்டுவேன். மழைக்காலத்தில் வலிக்கும். இடது கால் வலதைவிடக் கொஞ்சம் குட்டை, சப்பாத்துக்குள் ஒரு தட்டை வைத்துச் சமன் செய்கிறேன். இவை போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி என்றேன்.

எனக்குத் திரும்பக் கிடைத்த முதல் ஆட்டம் கம்போங் மேடான் பக்கம் ஒரு பள்ளித் திடலில், பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கானது. அக்கா ரயிலில் வந்து கணவரோடும் மகளோடும் குடைக்குக் கீழே நின்றார். அவர் அதுவரை என் ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கால்பந்தில் எந்தப் பக்கம் கோல் போட வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தேநீர்க் கடைத் தோழி வரவில்லை, அவருக்கு வேலை. ஆனால் முதல்நாள் போன் செய்து, "கால் சத்தம் கேக்கிற மாதிரி ஓடுங்க," என்று சொல்லியிருந்தார்.

முதல் பாதி முழுக்கப் பயந்து பயந்துதான் ஓடினேன். இரண்டாம் பாதியில் மறந்துவிட்டேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு முன்னணி ஆட்டக்காரி பந்தோடு கோல் பெட்டிக்குள் நுழைந்தாள். தடுப்பாட்டக்காரி அவள் காலை வாரிவிட்டாள். நான் ஊதி, பெனால்டிப் புள்ளியைக் காட்டினேன். தடுத்த அணியின் பயிற்சியாளர் கோட்டருகே ஓடிவந்து மலாயில் கத்தினார். அங்கிருந்து உனக்கு எப்படித் தெரியும், பந்தைத்தான் எடுத்தாள், எங்கே நின்று பார்த்தாய் என்றெல்லாம். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், காலை வாரிய அந்தப் பெண்ணே எழுந்து, முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"சார், அவங்க பக்கத்துலதான் இருந்தாங்க."

பயிற்சியாளர் கையை உதறிவிட்டுப் போனார். பந்தைப் புள்ளியில் வைத்தார்கள். ஊதினேன். பந்து மேல்கம்பத்தில் மோதித் தெறித்தது. அதை ஒருத்தி எடுத்து நீளமாக உதைத்தாள். எல்லாரும் மறுகோடியை நோக்கி ஓடினார்கள், நானும் திரும்பி அவர்களோடு ஓடினேன்.